முதலாளி ‘இன்வாய்ஸ் கொடு’ என்கிறார்: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. கனடாவுக்கு வந்து பிராம்ப்டனில் ஏ.சி., ஹீட்டிங் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது மாதமாக வேலை செய்கிறேன். என் வொர்க் பெர்மிட்டில் இந்த நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. இதற்கு முன் வளைகுடா நாடுகளில் பல ஆண்டுகள் இதே தொழில்தான். ஏ.சி., குளிர்சாதனத் தொழிலுக்கான ஒன்ராறியோ மாகாணத்தின் 313ஏ சான்றிதழும் கையில் இருக்கிறது. மனைவிக்கு எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய ஓபன் பெர்மிட். அவர் நன்றாகத் தைப்பார். இப்போது முதலாளி, “அடுத்த மாதத்திலிருந்து நீ ஒரு பிசினஸ் நம்பர் எடுத்து எனக்கு இன்வாய்ஸ் கொடு. 34 டாலருக்குப் பதிலாக மணிக்கு 36 டாலர் தருகிறேன், பிடித்தம் எதுவும் இருக்காது” என்று ஒரு தாளை நீட்டுகிறார். சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதை அதன் முதல் படியாக எடுத்துக்கொள்ளலாமா? மனைவியின் பெயரில் தொழிலைப் பதிந்து, வார இறுதியில் நான் வீடுகளுக்குப் போய் ஏ.சி. பார்க்கலாமா? நண்பர் ஒருவர், “சொந்தக் கம்பெனி தொடங்கி நீயே உனக்கு வேலை கொடுத்துக்கொள், பி.ஆர். என்ற நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளியும் கிடைக்கும்” என்கிறார். வேலையில் சேரும்போது, விலகினால் இரண்டு வருடம் போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்றும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் தம்பி.

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு இந்த வாரமே பதில் வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

குடிவரவுச் சட்டத்தரணியாக என் மேசைக்கு வரும் கோப்புகளில் என்னை மிகவும் வருத்துபவை, நேர்மையாக உழைத்தவர்கள் இப்படியொரு தாளால் தங்கள் உழைப்பின் கணக்கையே இழந்துவிட்ட கோப்புகள். உங்களுக்கு அது நடக்கக் கூடாது. நீங்கள் இழக்கப்போவது என்னவென்று முதலில் சொல்கிறேன்.

உங்களைப் போன்றவர்கள் பி.ஆருக்குப் போகும் நேர்வழி, புள்ளி வரிசைப்படி ஆட்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் உள்ள ‘கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்’. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள், கனடாவில் அனுமதியோடு செய்த ஓராண்டுத் திறன்சார் வேலை அதற்கு வேண்டும். மணிக்கணக்கில் அது 1,560 மணி நேரம். வாரத்துக்கு 30 மணி நேரம் வரைதான் கணக்கில் வரும். நீங்கள் 44 மணி நேரம் உழைத்தாலும் மிச்சத்தைச் சேர்க்கமாட்டார்கள். ஆகவே ஒன்பது மாதத்தில் 1,560 மணி நேரம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி.

இந்த வகையில் சுயதொழில் அனுபவம் கணக்கில் வராது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. மருத்துவர்களுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. நீங்கள் இன்வாய்ஸ் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து செய்யும் வேலையை, அதே வேனில் ஏறி அதே கருவிகளோடு அதே வீடுகளுக்குப் போனாலும், அதிகாரி சுயதொழிலாகப் பார்க்க இடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பெர்மிட் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருப்பதற்குக் கொடுத்த அனுமதி. தனியாகத் தொழில் நடத்துவதற்குக் கொடுத்தது அல்ல. சுயதொழில் என்று முடிவானால், கணக்கு நிற்பதோடு நிபந்தனை மீறலும் சேர்ந்துகொள்ளும்.

முதலாளி ஏன் இப்படிக் கேட்கிறார்? ஊழியர் என்றால் சி.பி.பி. ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 5.95 சதவீதம், அவர் பங்கும் 5.95 சதவீதம். வேலையின்மைக் காப்பீட்டுக்கு உங்களைவிட அவர் 1.4 மடங்கு கட்ட வேண்டும். விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 சதவீதம், அரசு விடுமுறை நாட்களுக்கான சம்பளம், வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்குக் கூலி, விபத்துக் காப்பீடு என்று இன்னும் இருக்கின்றன. இன்வாய்ஸ் முறைக்கு மாறினால் இத்தனையும் அவர் தோளிலிருந்து இறங்கி உங்கள் தோளுக்கு வரும். சுயதொழில் செய்பவர் சி.பி.பி.யின் இரு பங்கையும் சேர்த்து 11.9 சதவீதம் கட்ட வேண்டும். அவர் கூட்டித் தருவது மணிக்கு 2 டாலர். 36 டாலரில் 5.95 சதவீதம் ஏறக்குறைய 2 டாலர் 14 சென்ட். ஆண்டு வருமானத்தில் முதல் 3,500 டாலருக்குச் சி.பி.பி. இல்லை என்பதால் கணக்கு சிறிது இறங்கும். ஆனாலும் அந்த 2 டாலர் முழுவதும் சி.பி.பி.க்கே போய்விடும். விடுமுறைச் சம்பளம் இதில் இன்னும் வரவே இல்லை. “பிடித்தம் இல்லை” என்பதற்கு, பிடிக்க வேண்டியதை அவர் பிடிக்கமாட்டார் என்றுதான் பொருள். அடுத்த ஏப்ரலில் வருமான வரித் துறை உங்களிடம் கேட்கும்.

சட்டமும் முதலாளி பக்கம் இல்லை. ஒருவர் ஊழியரா, தனித் தொழில் செய்பவரா என்பதைத் தாளில் எழுதியிருப்பது மட்டும் முடிவு செய்யாது. கனடா உச்ச நீதிமன்றம் 2001-இல் சாகஸ் வழக்கில் வைத்த கேள்வி இதுதான்: இந்த மனிதர் தம் சொந்தக் கணக்கில் தொழில் நடத்துகிறாரா? வேலையைக் கட்டுப்படுத்துவது யார், கருவிகள் யாருடையவை, தமக்கு உதவியாளரை அவரே அமர்த்த முடியுமா, நட்டம் வந்தால் யார் தலையில், இலாபத்துக்கு வாய்ப்பு உண்டா என்று பார்ப்பார்கள். காலையில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று உங்கள் போனுக்கு அனுப்புவது நிறுவனம். வேன் அவர்களுடையது. வாடிக்கையாளரிடம் விலை பேசுவதும் அவர்களே. இந்த நிலையில் உங்களைத் தனித் தொழிலாளி என்று எழுதுவது தவறான வகைப்படுத்தல். ஒன்ராறியோவின் வேலைத் தரச் சட்டம் 2017 முதல் அதை வெளிப்படையாகவே தடை செய்கிறது.

ஆகவே சண்டை போடாமல், எழுத்தில், ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: “என் வொர்க் பெர்மிட் நிபந்தனைப்படி நான் உங்கள் ஊழியராக மட்டுமே வேலை செய்ய முடியும். சுயதொழிலுக்கு மாறினால் நிபந்தனை மீறல் ஆகிவிடும். இப்போது இருப்பதுபோலவே சம்பளப் பட்டியலில் தொடர விரும்புகிறேன்.” வாய்ச்சொல் வேண்டாம். பதில் எதுவானாலும் அழிக்காமல் வையுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்தும் முதலாளி, எந்த நிபந்தனையில் எடுத்தாரோ அதே நிபந்தனையில்தான் வைத்திருக்க வேண்டும். மத்திய அரசு ஆய்வுக்கு வரலாம். மீறலுக்கு 1,00,000 டாலர் வரை அபராதமும் உண்டு. பெரும்பாலான முதலாளிகளுக்கு இது தெரிவதில்லை. கணக்காளர் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். உங்கள் செய்தியைப் பார்த்ததும் பின்வாங்கவே வாய்ப்பு அதிகம்.

பின்வாங்காமல் மிரட்டினாலோ, சம்பளத்தை நிறுத்தினாலோ, உங்களுக்கு வழி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாகாணத் தொழில் அமைச்சில் சம்பளப் புகார் கொடுக்கலாம்; இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட பெர்மிட்டில் இருப்பவர் துன்புறுத்தப்பட்டால் ஓபன் பெர்மிட் கேட்கும் வழியும் 2019 ஜூன் முதல் இருக்கிறது. பணத்தை வைத்து நெருக்குவதும் அந்தத் துன்புறுத்தலில் அடங்கும். அப்படி நேர்ந்தால் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். உங்கள் மனைவியின் பெர்மிட்டும் உங்கள் வேலையோடு பிணைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, மனைவியின் பெயரில் பதிந்து வார இறுதியில் நீங்கள் வேலை பார்ப்பது. முடியாது. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பது கேள்வியே அல்ல. ஏணியில் ஏறுவது யார் என்பதுதான் கேள்வி. பலர் என்னிடம், “நான் சம்பளம் வாங்கவில்லையே, உதவிதானே” என்பார்கள். குடிவரவு ஒழுங்குவிதிகள் ‘வேலை’ என்பதற்குத் தரும் விளக்கம் சம்பளத்தோடு நிற்பதில்லை. கனடியரும் பி.ஆர். உள்ளவர்களும் தொழில் சந்தையில் செய்யும் வேலையோடு நேரடியாகப் போட்டியிடும் செயல் எதுவானாலும், காசு வாங்காவிட்டாலும், அது வேலைதான். ஏ.சி. பழுதுபார்ப்பது அதற்குள் அடங்கும். அனுமதியில்லாமல் வேலை செய்தவர் புதிய பெர்மிட் கேட்டால், அந்த வேலையை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை கொடுக்காமல் இருக்க விதி உண்டு. பிறகு விண்ணப்பத்தில் அதை மறைத்தால் தவறான தகவல் என்ற குற்றச்சாட்டு; அதற்கு ஐந்தாண்டுத் தடை. ஒரு சனிக்கிழமை கிடைக்கும் 200 டாலர் ரொக்கத்துக்காக இவ்வளவையும் பணயம் வைக்க வேண்டாம், தம்பி. வாடிக்கையாளர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நேரடியாக வாருங்கள், கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும்” என்று அன்போடுதான் கேட்பார். மறுப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். மறுத்துவிடுங்கள்.

நண்பர் சொல்லும் கம்பெனி யோசனையும் உதவாது. கம்பெனி தொடங்கிப் பங்கு வைத்திருப்பதை மட்டும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்தக் கம்பெனிக்காக நீங்கள் வேலை செய்ய இன்னொரு பெர்மிட் வேண்டும். உரிமையாளரே தமக்கு வேலை கொடுத்துக்கொள்ள எல்.எம்.ஐ.ஏ.வில் (வெளிநாட்டவரை அமர்த்த முதலாளி வாங்கும் அரசு ஒப்புதல்) இருந்த தனிப் பிரிவு 2021 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கிடைத்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் இல்லை. நண்பர் பழைய கதையைச் சொல்கிறார்.

மனைவியின் தையல் தொழில் இவற்றிலிருந்து வேறு. அதற்கு என் முழு ஆதரவு. ஓபன் பெர்மிட்டில் அவர் சுயதொழில் செய்யலாம். தைப்பது அவர், பணம் வாங்குவது அவர், கணக்கு அவருடையது என்று உண்மையாகவே இருக்க வேண்டும். தையல் இயந்திரத்தை நீங்கள் மாடியேற்றிக் கொடுப்பதில் தவறில்லை. உடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கி வருவதை வாடிக்கையாக்காதீர்கள்.

தம் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் தொழிற்பெயர் பதிவு வேண்டியதில்லை. கடைப் பெயர் வைத்தால் ஒன்ராறியோ தொழில் பதிவேட்டில் இணையத்திலேயே பதியலாம்: 60 டாலர், ஐந்தாண்டு செல்லும். விற்பனை தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் 30,000 டாலரைத் தாண்டும்வரை எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி கட்டாயமில்லை. முன்கூட்டியே பதிய வேண்டாம் என்பது என் கருத்து. அவரிடம் வருபவர்கள் வீட்டு மக்கள். 13 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வருமானத்தை டி2125 என்ற வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு, அதைக் கேட்டுவிட்டுப் பலர் அசந்துவிடுகிறார்கள். கட்ட வேண்டிய வரிக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30-தான். தனி வங்கிக் கணக்கு ஒன்று, ரசீதுகளுக்கு ஒரு கோப்பு. ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பேஸ்மென்ட் வாடகை வீட்டில் இருப்பவர்களானால், வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டில் தொழில் நடத்த நகராட்சியின் விதிகளையும் பாருங்கள். காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். திருமணத்துக்கு முந்தைய நாள், இடுப்பு அளவைக் குறைக்கக் கொடுத்த மணப்பெண் உடையில் இஸ்திரிப் பெட்டி பட்டுப் பழுப்புக் கறை விழுந்துவிட்டது என்று வையுங்கள். வாடகைதாரர் காப்பீடு பொதுவாகத் தொழில் இழப்பை ஏற்காது. சிறுதொழில் காப்பீடு எடுத்த பிறகே அடுத்தவர் உடையில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: தையல் சுயதொழில் என்பதால் அவருடைய அந்த அனுபவமும் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸில் சேராது. முதன்மை விண்ணப்பதாரர் நீங்கள் என்பதால் இப்போதைக்குக் கவலையில்லை.

இந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் 313ஏ சான்றிதழ் தொழில் செய்ய மட்டும் உதவுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பி.ஆர். புள்ளியும் இருக்கிறது. மாகாணம் கொடுத்த தொழிற்சான்றிதழோடு, சி.எல்.பி. என்ற கனேடிய மொழி அளவுகோலில் ஆங்கிலத் தரம் 5 அல்லது 6 இருந்தால் 25 புள்ளி. நான்கு பிரிவிலும் 7-ஐத் தொட்டால் 50. ஐ.ஈ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் சி.எல்.பி. 7 என்பது நான்கு பிரிவிலும் 6.0. எழுதுவதில் மட்டும் 5.5 வாங்கி நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த ஓர் அரைப் புள்ளிக்காக 25 புள்ளி போய்விடுகிறது. அதோடு மொழிக்கென்று தனியே கிடைக்கும் புள்ளிகளும் குறைகின்றன. உங்கள் தொழிலுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் சி.எல்.பி. 5 என்பதால், அது கிடைத்ததும் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்த வேண்டாம். வார இறுதியில் ஏ.சி. பார்க்கப் போகும் நேரத்தைக் கடிதம் எழுதும் பயிற்சிக்குக் கொடுங்கள். புகார்க் கடிதம், வேண்டுகோள் கடிதம், நண்பருக்குக் கடிதம் என்று பழகி, ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். உங்கள் சொந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய முதலீடு இப்போது வேறில்லை.

சம்பளச் சீட்டுகள், முதலாளி தரும் ஆண்டு வருமானச் சீட்டான டி4, வரித் துறையின் மதிப்பீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் நிறுவனத்திடம் வேலைக் கடிதம் கேளுங்கள். பதவி, சேர்ந்த நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகளின் விவரம் அதில் இருக்க வேண்டும். இதற்காகவும்தான் முதலாளியோடு முறுக்கிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

பி.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்றும் உங்களுக்குத் தோன்றும். அழைப்பு வந்து பி.ஆர். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின், பெர்மிட் முடியும் தறுவாயில் முடிவு வரும்வரை வேலை செய்ய உதவும் பிரிட்ஜிங் ஓபன் பெர்மிட் கேட்கலாம். அது கைக்கு வந்துவிட்டால் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டவர் அல்ல நீங்கள். சொந்தத் தொழிலும் அதில் செய்யலாம். ஆகவே உங்கள் தொழிலின் தொடக்க நாள் நீங்கள் அஞ்சுவதைவிட அருகில் இருக்கலாம்.

போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த தாளுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். 2021 அக்டோபர் 25-க்குப் பிறகு ஒன்ராறியோவில் ஊழியரிடம் அப்படி எழுதி வாங்குவது செல்லாது. உயர் நிர்வாகிகள், தொழிலை விற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஆனால் அதே தாளில், நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு போகமாட்டேன் என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். அது வேறு, அது செல்லக்கூடும். வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலை இப்போதே போனில் சேர்த்து வைக்காதீர்கள்.

உங்கள் தொழிலில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. 313ஏ குளிரூட்டலுக்கானது. பிராம்ப்டனில் குளிர்காலத்தில் உங்களை அழைப்பவர்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் ஓடவில்லை என்றுதான் அழைப்பார்கள். அதைத் தனியாகத் தொட, ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் எரிவாயுத் தொழில்நுட்பச் சான்றிதழ் வேண்டும். ஜி3 என்றால் மேற்பார்வையில், ஜி2 என்றால் தனியாக. தொழிலை நடத்தும் நிறுவனமும் அங்கே பதிய வேண்டும். கட்டுமான வேலைகளுக்குத் தனியாளாகப் போனாலும் 2013 முதல் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற மாகாண வேலைவிபத்துக் காப்பீடு பெரும்பாலும் கட்டாயம். குளிர்பதன வாயுவைக் கையாளும் ஓ.டி.பி. அட்டை உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் உடனே எடுங்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் தேவையில்லை. ஆகவே ஐ.ஈ.எல்.டி.எஸ். முடிந்த கையோடு ஜி3 மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். சேரும் முன் அந்த வகுப்பு எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.